காணி விற்றவர் போய்விட்டார், வெள்ளம் போகவில்லை

ஒவ்வொரு வருடமும் கார்த்திகை, மார்கழி மழையோடு எங்கள் ஓட்டமாவடியில் ஒரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. "பிரதேச சபை என்ன செய்துகொண்டிருக்கிறது?" என்பதுதான் அந்தக் கேள்வி. ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும் வரை தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் இதுவே பேச்சாக இருக்கும். தண்ணீர் வற்றியதும் கேள்வியும் வற்றிவிடும். அடுத்த வருடம் மழையோடு மறுபடி வரும்.

அந்தக் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுப் பார்ப்போம். புதிதாக ஓரிடத்தில் வீடுகளும் கடைகளும் வருகின்றன. அவற்றுக்கு வீதி, வடிகான், மதகு, தெருவிளக்கு எல்லாம் தேவைப்படுகின்றன. அந்தச் செலவு யாருடைய கணக்கில் எழுதப்பட வேண்டும்? வியாபாரிகளாகிய நாம் எந்தச் சாமானிலும் யார் செலவு, யார் இலாபம் என்று பார்த்துத்தான் கணக்கு எழுதுகிறோம். ஊருடைய கணக்கை மட்டும் அப்படி எழுதுவதில்லை.

இதை எழுதும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆகையால் முதலில் என்னுடைய கணக்கையே சொல்லிவிடுகிறேன்.

ஒரு துண்டுக்கு ஆசைப்பட்ட கதை

யுத்தம் முடிந்து சில வருடங்களில் காணி விலை ஏறத் தொடங்கியபோது, நானும் ஒரு நண்பரும் கூட்டாக ஒரு ஏக்கர் காணி வாங்கினோம். துண்டுபோட்டு விற்பதுதான் நோக்கம். காணி ஏறக்குறைய முந்நூறு அடி நீளம், நூற்று நாற்பத்தைந்து அடி அகலம். நடுவில் பாதை விட வேண்டும். நில அளவையாளர் இருபது அடி விடச் சொன்னார். நாங்கள் பென்சிலும் தாளும் எடுத்துக் கணக்குப் பார்த்தோம். இருபது அடிப் பாதை முந்நூறு அடி நீளத்துக்குப் போனால் 22 பேர்ச் போய்விடும். பத்து அடி விட்டால் 11 பேர்ச்தான் போகும். மிச்சமாகும் 11 பேர்ச்சில் இன்னுமொரு துண்டு கிடைக்கும். பதின்மூன்று துண்டுகளுக்குப் பதிலாகப் பதினான்கு துண்டுகள். பத்து அடியே விட்டோம். வடிகானுக்கு ஒரு அடிகூட விடவில்லை.

எல்லாத் துண்டுகளும் விற்றுத் தீர்ந்தன. உறுதி எழுதிக் கொடுத்தோம், இலாபத்தைப் பகிர்ந்துகொண்டோம், எங்கள் வேலை முடிந்தது. அதன் பிறகு வாங்கியவர்களுடைய வேலை தொடங்கியது. முதலில் வீடு கட்டியவர் வளவுக்கு மண் போட்டு உயர்த்தினார். தண்ணீர் பக்கத்து வளவுக்குப் போனது. அவரும் மண் போட்டார். இப்படியே பதினான்கு வளவுகளும் உயர்ந்தன. உயராமல் நின்றது ஒழுங்கை மட்டும்தான். இப்போது அது ஒழுங்கையாக இருப்பது கோடை காலத்தில். மாரியில் அது வாய்க்கால்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழி மாதம் அந்த ஒழுங்கையில் ஒரு ஜனாஸா. சந்தூக்கைத் தூக்கியவர்கள் முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெரியவர் மட்டும், "இந்த ஒழுங்கைய இப்படி விட்டவனுக்கு அல்லாஹ்தான் ஹிதாயத் கொடுக்கணும்" என்றார். அந்த ஒழுங்கையை விட்டவன் தனக்குப் பக்கத்தில் நடந்துவருகிறான் என்பது அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து "சபை என்ன செய்கிறது?" என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

பாலம் வந்தது, வடிகான் வரவில்லை

நமது கிழக்கு மாகாணத்துப் பெரிய வேலைகளை எண்ணிப் பாருங்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல் சவூதி அரேபியாவின் உதவியோடு திறக்கப்பட்டது. கல்லடியில் 1924 ஆம் ஆண்டுப் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இல் புதிய பாலம் வந்தது. 2014 இல் மண்முனைப் பாலம் வந்தது. இரண்டுக்கும் ஜப்பான் உதவியது. எங்கள் ஓட்டமாவடியிலும் ஒரு காலம் ரயிலும் லொறியும் மாட்டு வண்டியும் ஒரே இரும்புப் பாலத்தில்தான் போய்வந்தன. ரயில் வருகிறதென்றால் வீதி முழுக்கக் காத்து நிற்கும். இன்று வாகனங்களுக்குத் தனிப் பாலம் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

இப்படி எல்லாம் வெளியிலிருந்து வந்ததால் நமக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. அமைச்சர் தருவார், வெளிநாடு தரும், உலக வங்கி தரும் என்று காத்திருக்கும் பழக்கம். ஆனால் ஒரு ஒழுங்கையின் வடிகானுக்கு ரியாத்திலிருந்தோ டோக்கியோவிலிருந்தோ யாரும் வரமாட்டார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று நாடே அறிவித்த பிறகு, கொழும்பிலிருந்து வரும் என்று எதிர்பார்ப்பதும் சரியாகாது. மானியம் என்று எண்ணியவற்றில் பாதி கடன் என்பதும், அந்தக் கடனை அரிசியிலும் மண்ணெண்ணெயிலும் நாமே கட்டுகிறோம் என்பதும் அப்போதுதான் பலருக்கு விளங்கியது.

வரி கட்டுகிறோமே என்று கேட்பவர்களுக்கு

"வருடா வருடம் சபைக்குக் கட்டுகிறோமே, அது போதாதா?" என்று வர்த்தக சகோதரர்கள் கேட்கிறார்கள். என்ன கட்டுகிறோம் என்று பார்ப்போம்.

பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நடக்கின்றன. அந்தச் சட்டத்தில் வியாபார அனுமதிப்பத்திரத்துக்கு எழுதப்பட்ட உச்சக் கட்டணம் 1,000 ரூபா. கடையின் வருடாந்தப் பெறுமதி 1,500 ரூபாவைத் தாண்டினால் இந்த ஆயிரம். தொழில் வரியை எடுத்தால், முந்திய வருடத்து வருமானம் 1,50,000 ரூபாவுக்கு மேற்பட்டவருக்கு 3,000 ரூபா. அதற்கு மேல் படியே இல்லை. அதாவது வருடத்துக்கு இரண்டு இலட்சம் உழைக்கும் சில்லறைக் கடைக்காரருக்கும் மூவாயிரம், இரண்டு கோடி உழைக்கும் மொத்த வியாபாரிக்கும் மூவாயிரம். 1987 இல் இவை கணிசமான தொகைகளாக இருந்திருக்கும். இன்றைக்கு ஆயிரம் ரூபாவுக்கு ஒரு மூடை சீமெந்துகூட வராது.

பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே தொகை என்பது இந்த நாட்டில் புதிதல்ல. 1848 இல் தேசாதிபதி டொரிங்டன் காலத்தில் வீதிச் சட்டம் ஒன்று வந்தது. 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்தில் ஆறு நாட்கள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்றது அது. கோப்பித் தோட்டத் துரையின் மூட்டைகள் அந்த வீதியில் போகும். வீதியைப் பாவிக்காத கிராமத்து விவசாயியும் அதே மூன்று ஷில்லிங்கைக் கட்ட வேண்டும். அந்த வருடம் மாத்தளையிலும் குருநாகலிலும் வெடித்த கிளர்ச்சிக்கு இந்த வரிகளும் ஒரு காரணம். வீதிக்கு யார் கொடுப்பது என்பது சிறிய விடயமல்ல என்பதற்கு நமது சரித்திரமே சாட்சி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காணி வாங்குபவர் உறுதி முடிக்கும்போது முத்திரை வரி கட்டுகிறார். முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, அதற்கு மேல் நூற்றுக்கு 4. இந்தப் பணம் மாகாண சபை வழியாக, காணி இருக்கும் இடத்துப் பிரதேச சபைக்கு வர வேண்டிய பணம். ஆகவே வாங்குபவர் ஏற்கெனவே ஒரு பங்கு கொடுத்துவிட்டார். ஏலத்திலோ தரகர் மூலமோ விற்கப்படும் காணிக்கு, விற்ற பணத்தில் நூற்றுக்கு ஒன்று அறவிடவும் 1987 ஆம் ஆண்டுச் சட்டம் சபைக்கு அதிகாரம் தருகிறது. துண்டுபோட்டு விற்கும் நம்மில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்? கேள்விப்பட்டவர்களில் எத்தனை பேர் கட்டினோம்?

நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986 ஆம் ஆண்டு விதிகளில், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டுபோடும்போது பத்து வீதத்தைப் பொதுத் தேவைக்கு ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. ஒரு ஹெக்டேயர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். நம்மூரில் துண்டுபோடப்படுபவை அரை ஏக்கரும் ஒரு ஏக்கரும்தான். பெரிய மீனுக்கு வலை இருக்கிறது. சின்ன மீன் ஒவ்வொன்றாகத் தப்பிப் போய், கடைசியில் குளம் முழுவதும் சின்ன மீனாகவே நிற்கிறது.

இலாபம் யாருக்கோ சுமையும் அவருக்கே

மார்க்கத்தில் இதற்கு வழி இல்லாமலில்லை. இலாபம் யாருக்குப் போகிறதோ, அதனோடு வரும் சுமையும் அவரைச் சேரும் என்பது ஃபிக்ஹ் சட்டத்தில் ஒரு பொது விதி. முழாரபா, முஷாரகா என்று கூட்டு வியாபாரம் பேசும்போதெல்லாம் இதைச் சொல்கிறோம். காணி வியாபாரத்தில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

மஸ்ஜிதுந் நபவி கட்டப்பட்ட இடம் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமாக இருந்தது. அவர்கள் இலவசமாகவே தர முன்வந்தும், ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே எடுத்தார்கள். பொதுத் தேவை என்பதற்காக அதன் செலவை யாரோ ஒருவருடைய தலையில் வைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய முன்மாதிரி தேவையில்லை.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் மடக்கினார். "பாதை விடயத்தில் பிணக்கு வந்தால் ஏழு முழம் விடச் சொல்லி ஹதீஸ் இருக்கிறதே. ஏழு முழம் என்றால் பத்தரை அடி. நீங்கள் பத்து அடி விட்டிருக்கிறீர்கள். அரை அடிதானே குறை?" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எங்கள் பகுதி மௌலவி ஒருவரிடம் கேட்டேன். "சுமை ஏற்றிய ஒட்டகம் சிரமமில்லாமல் போய்வர வேண்டும் என்பதற்காகச் சொன்ன அளவு ஹாஜியார் அது. இன்றைக்கு உங்கள் ஒழுங்கைக்குள் போக வேண்டியது அம்பியூலன்ஸ். அது போகுமா என்று முதலில் பாருங்கள்" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். 2021 மார்ச்சிலிருந்து ஒரு வருடம், கொரோனாவில் மரணித்தவர்களை நாட்டின் எல்லாப் பாகங்களிலிருந்தும் எங்கள் மஜ்மா நகருக்குத்தான் கொண்டுவந்து அடக்கினார்கள். 3,600 க்கும் மேற்பட்ட ஜனாஸாக்கள். அந்தச் சுமையை இந்தப் பிரதேசம் சுமந்தது. இதில் நமக்கு என்ன இலாபம் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. அது இலாபமில்லாத சுமை. அப்படிப்பட்டதை ஊர் சேர்ந்து சுமப்பது கடமை. ஆனால் ஒருவர் இலாபமெடுத்த காணியின் வடிகானை ஊர் சேர்ந்து சுமப்பது அதே கணக்கில் வராது. இரண்டையும் குழப்பினால் உண்மையான பொதுப் பணிக்கு ஊரில் காசு மிஞ்சாது.

வெளியில் எப்படிச் செய்கிறார்கள்?

தமிழ்நாட்டில் ஒரு வழி இருக்கிறது. 10,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட காணியை அபிவிருத்தி செய்தால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளூராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரையானவர்கள் காணியாகத் தரலாம், அல்லது அதன் பெறுமதியைப் பணமாகக் கட்டலாம். 3,000 க்குக் குறைந்த சிறியவர்களுக்கு அந்தச் சுமை இல்லை. இங்கிலாந்தில் 2010 இலிருந்து, புதிய கட்டடத்தின் பரப்புக்கு ஏற்ப ஒரு கட்டணம் அறவிட்டு வீதி, பாடசாலை, பூங்கா போன்றவற்றுக்குச் செலவிட உள்ளூராட்சி மன்றங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஹொங்கொங்கில் ரயில் நிலையம் வருவதால் சுற்றியுள்ள காணியின் விலை ஏறுகிறது என்று, அந்தக் காணியின் இலாபத்தையே ரயில் பாதைச் செலவுக்கு எடுக்கிறார்கள்.

இவை எல்லாம் குறையில்லாதவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்றிலும் ஒரே நியாயம் ஓடுகிறது. பொது வசதி வருவதால் காணியின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி பொது வசதிக்கே திரும்ப வேண்டும்.

நாமும் ஒரு விடயத்தில் இதை ஏற்கெனவே செய்கிறோம். உள் ஒழுங்கையில் வீடு கட்டி மின்சாரம் கேட்டால் கம்பத்துக்கும் வயருக்கும் சேர்த்து மதிப்பீடு வருகிறது, கட்டுகிறோம். தண்ணீர் இணைப்புக்கும் கட்டுகிறோம். யாரும் போராட்டம் நடத்துவதில்லை. வடிகான் என்றதும் மட்டும் அது அரசாங்கத்தின் வேலையாகிவிடுகிறது.

விலை ஏறாதா?

இனி முக்கியமான ஆட்சேபணைக்கு வருவோம். "விற்பவரிடம் கேட்டால் அவர் அதை வாங்குபவரின் விலையில் ஏற்றிவிடுவார். கடைசியில் ஏழைதான் கட்டுவான்."

இதில் உண்மை இருக்கிறது. முழு உண்மை இல்லை. என்னுடைய கணக்கையே எடுங்கள். பதினான்கு துண்டுக்குப் பதிலாகப் பதின்மூன்று என்றால், எங்கள் இலாபம் குறையாமலிருக்க ஒவ்வொரு துண்டுக்கும் நூற்றுக்கு எட்டுக்கும் குறைவாகவே கூட்டியிருக்க வேண்டும். அதைக்கூட முழுவதுமாகக் கூட்டியிருக்க முடியாது. வாங்குபவரின் மடியில் இருக்கும் காசுக்கு மேல் காணி விலை போகாது. வீதி விட வேண்டும் என்ற சட்டம் எல்லோருக்கும் பொதுவாக இருந்திருந்தால், மொத்தக் காணியை நாங்களே குறைந்த விலைக்குக் கேட்டிருப்போம். சுமையில் ஒரு பகுதி பழைய காணிச் சொந்தக்காரருக்கும், ஒரு பகுதி எங்களுக்கும், ஒரு பகுதி வாங்குபவருக்கும் போயிருக்கும். இப்போது நடந்தது என்ன? வாங்குபவர் மட்டும் வளவுக்கு மண் போட்டு, அத்திவாரத்தை உயர்த்தி, வருடா வருடம் சுவரில் ஈரம் பிடித்து, எல்லாவற்றையும் தனியே கட்டுகிறார். அந்தச் செலவு எந்த உறுதியிலும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

முதலில் செய்தால் குறைந்த செலவில் முடிவது, பிறகு செய்தால் பல மடங்காகும் என்பது கட்டடச் சாமான் விற்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு அந்த ஒழுங்கையில் ஒரு வடிகான் வெட்ட வேண்டுமென்றால் இரண்டு பக்கத்து மதில்களையும் உடைத்து உள்ளே தள்ள வேண்டும். அன்றைக்கு ஒரு கயிறு பிடித்திருந்தால் போதும்.

என்ன செய்யலாம்?

சட்டம் மாற வேண்டியவை ஒரு பக்கம் இருக்கட்டும். 1987 ஆம் ஆண்டு எழுதிய ஆயிரத்தையும் மூவாயிரத்தையும் வைத்துக்கொண்டு ஒரு சபையை நடத்த முடியாது என்பதை நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் அங்கே பேச வேண்டும். பெரிய வியாபாரிக்கும் சின்ன வியாபாரிக்கும் படி வேறாக இருக்க வேண்டும். நான் கூடுதலாகக் கட்ட வேண்டிய பக்கத்தில்தான் நிற்பேன் என்று தெரிந்தே சொல்கிறேன்.

உள்ளூரில் நாமே செய்யக்கூடியவை நான்கு.

ஒன்று, மூன்று துண்டுகளுக்கு மேல் பிரித்து விற்கும் எவரும், முதல் உறுதி எழுத முன்னரே இருபது அடிப் பாதையையும் வடிகானுக்கான இடத்தையும் நில அளவைப் படத்தில் காட்ட வேண்டும். வடிகானை வெட்டி, கிரவல் போட்டுக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும் தாய் தகப்பனுக்கு இது பொருந்தாது. வியாபாரத்துக்குப் பிரிப்பவருக்கே.

இரண்டு, பிரதான வீதியில் மாடிக் கடைத்தொகுதியும் கல்யாண மண்டபமும் கட்டுபவர்கள், வாகனம் நிறுத்த இடத்தையும் தங்கள் கூரைத் தண்ணீர் போக வழியையும் தங்கள் செலவிலேயே செய்ய வேண்டும். வீதியோர வடிகானுக்கு மேல் கொங்கிறீட் போட்டுப் படி கட்டுவதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்குச் சட்டம் தேவையில்லை, வெட்கம் போதும்.

மூன்று, இப்படிச் சேரும் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். எந்தப் பகுதியில் சேர்ந்ததோ அந்தப் பகுதிக்கே செலவாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைச் சபையிலும் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் ஒட்ட வேண்டும். ஊரார் காசு கொடுக்கப் பின்வாங்குவதற்குப் பாதிக் காரணம் கஞ்சத்தனம். மறுபாதி, கொடுத்த காசு எங்கே போகிறது என்று தெரியாமை. 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கும் மேலாகத் தவிசாளரும் உறுப்பினரும் இல்லாமல் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். 2025 மே தேர்தலுக்குப் பிறகு நாம் தெரிவுசெய்தவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்கு, ஏற்கெனவே விற்று முடிந்த காணிகள். இதுதான் கசப்பானது. சட்டப்படி எங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் விற்றவர்களை ஊரில் எல்லோருக்கும் தெரியும். விற்றவர் ஒரு பங்கு, குடியிருப்பவர்கள் ஒரு பங்கு, சபை ஒரு பங்கு என்று உட்கார்ந்து பேசினால் பல ஒழுங்கைகளுக்கு வழி பிறக்கும்.

இதை மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அந்தப் பதினான்கு வீட்டாரோடும் போன மாதம் ஒரு இஷாத் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து பேசினேன். மதிலைப் பின்னால் எடுக்க ஒன்பது பேர் சம்மதித்திருக்கிறார்கள். வடிகானுக்கான சீமெந்தும் கம்பியும் என் கடையிலிருந்து, விலை போடாமல். இதை ஸதக்கா என்று யாரும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஸதக்கா என்பது கொடுக்கக் கடமைப்படாததைக் கொடுப்பது. இது அந்தப் பதினொரு பேர்ச்சின் பாக்கி.

கூட்டாளி நண்பர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பத்திரிகையை அவர் வாராவாரம் வாசிப்பவர். மழைக்கு முன் முடிவெடுப்பார், இன்ஷா அல்லாஹ்.